கட்சி மாறிய ஓர் ஆசனத்தின் கதை: ஹாபிஸ் நஸீர் அஹமடும் உறுப்புரை 99(13)உம்

2023 ஒக்டோபர் 06ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. சுற்றாடல் அமைச்சராக இருந்த ஹாபிஸ் நஸீர் அஹமடை ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் கட்சியிலிருந்து நீக்கியது சட்டப்படி செல்லுபடியாகும் என்பதே அந்தத் தீர்ப்பு. அன்றுடன் அவருடைய மட்டக்களப்பு மாவட்டப் பாராளுமன்ற ஆசனம் பறிபோனது. அமைச்சுப் பதவியும் கூடவே போனது. 2020 ஓகஸ்டில் தொடங்கிய அவருடைய உறுப்பினர் காலம் மூன்று வருடமும் ஒன்றரை மாதமும் மட்டுமே நீடித்தது.

கட்சி மாறுவது நம் நாட்டு அரசியலில் புதிதல்ல. முஸ்லிம் அரசியலில் அது இன்னும் பழக்கமான விடயம். மாறியவர்களில் பெரும்பாலானோர் ஆசனத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இவர் மட்டும் ஏன் இழந்தார்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நம்முடைய வாக்கு யாருக்குப் போகிறது, யாருடைய கையில் இருக்கிறது என்ற பெரிய விடயம் விளங்கும்.

ஏறாவூரிலிருந்து கொழும்பு வரை

நஸீர் அஹமட் ஏறாவூரைச் சேர்ந்தவர். முஸ்லிம் காங்கிரஸின் பிரதித் தலைவராக இருந்தவர். 2012இல் நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் மு.கா. ஏழு ஆசனங்களைப் பெற்றது. முதலில் அக்கட்சி ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புடன் சேர்ந்து ஆட்சியமைத்தது. 2015 ஜனவரியில் நாட்டில் ஜனாதிபதி மாறியதும் மாகாண சபையிலும் காற்று மாறியது. அவ்வருடம் பெப்ரவரி மாதம் நஸீர் அஹமட் கிழக்கு மாகாண முதலமைச்சரானார். 11 ஆசனங்களை வைத்திருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அந்த ஆட்சியில் பங்கெடுத்தது. தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் ஒரே மேசையில் இருந்து மாகாணத்தை நடத்திய காலம் அது. 2017 செப்டெம்பரில் சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு இன்றுவரை மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை.

2016 மே மாதம் சம்பூர் பாடசாலை நிகழ்வொன்றில் கடற்படை அதிகாரி ஒருவரை மேடையில் வைத்து அவர் கடிந்துகொண்டது நாடளாவிய சர்ச்சையாகியது. பின்னர் அதற்கு வருத்தமும் தெரிவித்தார். கிழக்குக்கு வெளியே பலருக்கும் அவருடைய பெயர் அறிமுகமானது அந்தச் சம்பவத்தால்தான்.

2020 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து ஆசனங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் முஸ்லிம் பிரதிநிதிக்குக் கிடைத்தது. காத்தான்குடியில் ஹிஸ்புல்லாஹ் தனிக் கட்சியில் நின்றார். கல்குடாவில் அமீர் அலி வேறு கட்சியில் நின்றார். மு.கா. மரச் சின்னத்தில் தனித்துப் போட்டியிட்டது. சனத்தொகையில் நான்கில் ஒரு பங்கான முஸ்லிம்களின் வாக்குகள் மூன்றாகப் பிரிந்தும் மரத்துக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் நஸீர் அஹமட்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அத்தேர்தலில் மு.கா. சார்பில் ஐந்து பேர் பாராளுமன்றம் சென்றார்கள். தலைவர் ரவூப் ஹக்கீம் கண்டியிலும், ஹரீஸும் பைசல் காசிமும் திகாமடுல்லவிலும், தௌபீக் திருகோணமலையிலும் ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலில் வென்றவர்கள். கட்சியின் சொந்தச் சின்னத்தில், சொந்த நியமனப் பத்திரத்தில் வென்றவர் நஸீர் அஹமட் ஒருவர்தான். அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் அவருடைய தலைவிதியைத் தீர்மானித்ததில் இதற்கும் பெரிய பங்கு உண்டு.

இரண்டு வாக்களிப்புகள்

முதலாவது வாக்களிப்பு 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி நடந்தது. ஜனாதிபதிக்கு மீண்டும் பரந்த அதிகாரங்களை வழங்கிய 20ஆவது திருத்தச் சட்டமூலம் அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 156 வாக்குகள், எதிராக 65. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு 150 வேண்டும். எதிரணியில் இருந்து எட்டுப் பேர் ஆதரித்தார்கள். அந்த எட்டையும் கழித்துப் பார்த்தால் 148. அதாவது எதிரணி வாக்குகள் இல்லாமல் அந்த எல்லையை அரசாங்கம் தாண்டியிருக்காது. அந்த எட்டுப் பேரில் நால்வர் மு.கா. உறுப்பினர்கள்: நஸீர் அஹமட், ஹரீஸ், பைசல் காசிம், தௌபீக். தலைவர் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார்.

அப்போது நம் சமூகம் இருந்த நிலையை மறக்க முடியாது. கொரோனாவால் மரணித்தோரின் உடல்களை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. ஜனாஸா எரிப்பை நிறுத்த அரசுடன் பேசும் வழி திறக்கும் என்பதும் அந்த வாக்களிப்புக்கு அப்போது சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. ஆனால் நடந்தது என்ன? அதே டிசம்பரில் பிறந்து 20 நாளேயான ஒரு சிசுவின் உடலும் எரிக்கப்பட்டது. அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வெளிவந்தது 2021 பெப்ரவரி 25இல்தான். மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமானது. நாடெங்கும் இருந்து கொண்டுவரப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள் அந்த மண்ணில் இருக்கின்றன. அதுவும் மட்டக்களப்பு மாவட்டம்தான்.

இரண்டாவது வாக்களிப்பு 2021 நவம்பர் 22இல் நடந்தது. 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பு. எதிர்த்து வாக்களிப்பது என்பது மு.கா.வின் தீர்மானம். நஸீர் அஹமட் ஆதரவாக வாக்களித்தார். முடிவு 153க்கு 60. வரவு செலவுத் திட்டத்துக்குச் சாதாரண பெரும்பான்மை போதும். அவருடைய ஒரு வாக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நிறைவேறியே இருக்கும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது வாக்கு நாட்டின் அரசியலமைப்பை மாற்றியது. அதற்காக மு.கா.வில் ஒருவரும் ஆசனத்தை இழக்கவில்லை. இரண்டாவது வாக்கு எதையும் மாற்றவில்லை. அதற்காகவே ஓர் ஆசனம் பறிபோனது. கட்சி ஒழுக்கம் என்று நாம் பேசும்போது இந்த முரண்பாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

அமைச்சும் நீக்கமும்

2022 ஏப்ரல் மாதம் நாடு எரிபொருள் வரிசையிலும் இருளிலும் இருந்தது. காலிமுகத்திடலில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அமைச்சரவை முழுவதும் விலகிய பின் ஏப்ரல் 18இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ புதிய அமைச்சரவையை நியமித்தார். அதில் சுற்றாடல் அமைச்சராக நஸீர் அஹமட் பதவியேற்றார். சில நாட்களுக்குள் மு.கா. அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது. முன்வைக்கப்பட்ட குற்றச்சாட்டு வரவு செலவுத் திட்ட வாக்களிப்பு. அந்த மே மாதம் ரணில் விக்கிரமசிங்க பிரதமரான பின்னரும் அதே அமைச்சு அவரிடம் இருந்தது. ரணில் ஜனாதிபதியான பின்னரும் தொடர்ந்தது.

நீக்கத்தை எதிர்த்து அவர் உயர் நீதிமன்றம் சென்றார். அதுவரை ஆசனம் அவரிடமே இருந்தது.

சட்டம் சொல்வது என்ன?

1978 அரசியலமைப்பின் 99(13)(அ) உறுப்புரையின் சாரம் இதுதான். ஒரு பாராளுமன்ற உறுப்பினர், யாருடைய நியமனப் பத்திரத்தில் தன் பெயர் இருந்ததோ அந்தக் கட்சியின் அங்கத்துவத்தை இழந்தால், ஒரு மாதம் முடிந்ததும் அவருடைய ஆசனம் வறிதாகும். ராஜினாமாவாக இருந்தாலும் நீக்கமாக இருந்தாலும் விளைவு ஒன்றே. ஆனால் நீக்கப்பட்டவர் அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீக்கம் செல்லாது என்று நீதிமன்றம் கூறினால் ஆசனம் தப்பும். செல்லும் என்று கூறினால் அன்றே போய்விடும். மூன்று நீதியரசர்கள் விசாரிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அந்த உறுப்புரை கூறுகிறது.

“யாருடைய நியமனப் பத்திரத்தில்” என்ற சொற்களை அடிக்கோடிட்டு வாசியுங்கள். ஐக்கிய மக்கள் சக்தியின் பட்டியலில் வென்ற ஒருவரை மு.கா. நீக்கினால் அதனால் மட்டும் அவருடைய ஆசனம் போகாது. அவரை நீக்க வேண்டியது ஐக்கிய மக்கள் சக்தி. மரச் சின்னத்தில் வென்ற நஸீர் அஹமட் விடயத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே கட்சிக்காரர்கள், ஒரே 20ஆவது திருத்தத்துக்கு ஒரே மாதிரி வாக்களித்தவர்கள். ஆனாலும் சட்டத்தின் முன் அவர்களுடைய நிலை வேறு வேறு.

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதுண்டு: “மக்கள் தெரிவு செய்த ஆளைக் கட்சி எப்படி சேர் விலக்கலாம்?” இதற்கான விடை வாக்குச் சீட்டிலேயே இருக்கிறது. நாம் முதலில் கட்சியின் சின்னத்துக்கு நேரே புள்ளடி இடுகிறோம். அதன் பின்னர்தான் மூன்று விருப்பு வாக்குகள். கட்சிக்குப் புள்ளடி இடாமல் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் இட்டால் வாக்கு செல்லாது. ஆக, ஆசனத்தைக் கணக்கிடுவது கட்சியின் வாக்கை வைத்து. அதில் யார் அமர்வது என்பதைத்தான் விருப்பு வாக்கு சொல்கிறது. ஒருவர் போனால் இடைத்தேர்தல் இல்லை. பட்டியலில் அடுத்த இடத்தில் இருப்பவர் வருகிறார்.

முன்பு இப்படி இருக்கவில்லை. தொகுதி முறைக் காலத்தில் உறுப்பினர் எந்தப் பக்கமும் எழுந்து போகலாம். 1956இல் தமிழரசுக் கட்சியில் கல்முனையில் வென்ற எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் வென்ற எம்.எம். முஸ்தபாவும் பின்னர் அரசாங்கப் பக்கம் போனார்கள். முஸ்தபா நிதி அமைச்சராகவும் வந்தார். 1964 டிசம்பரில் சி.பி. டி சில்வா தன் குழுவுடன் எதிரணிக்குத் தாவியபோது சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் ஒரு வாக்கால் தோற்றது. ஆட்சியையே கவிழ்க்கும் இந்தத் தாவல்களுக்குப் பூட்டுப் போடவே 99(13) வந்தது. பூட்டைப் போட்டவர்களே சாவியையும் வைத்திருந்தார்கள் என்பது வேறு கதை. 1979இல் கொண்டுவந்த இரண்டாவது திருத்தம் முதலாவது பாராளுமன்றத்தின் காலத்துக்கு ஒரு விலக்கைத் திறந்தது. மட்டக்களப்பின் செல்லையா இராசதுரை அவ்வருடம் கூட்டணியை விட்டு ஐ.தே.க. அரசில் சேர்ந்து அமைச்சரானார்.

ஒரே சட்டம், வேறு வேறு முடிவுகள்

1991இல் ஜனாதிபதி பிரேமதாஸவுக்கு எதிரான குற்றப்பிரேரணையின் பின் லலித் அத்துலத்முதலி, காமினி திஸாநாயக்க உள்ளிட்டோரை ஐ.தே.க. நீக்கியது. நீக்கம் செல்லும் என்றது நீதிமன்றம். அவர்கள் ஆசனங்களை இழந்தார்கள்.

2000இல் சரத் அமுனுகம முதலானோரின் வழக்கில் தீர்ப்பு மறுபக்கம் போனது. அவர்களை ஐ.தே.க. நீக்கிய முறையில் இயற்கை நீதி பேணப்படவில்லை என்பதால் நீக்கம் செல்லாது என்றானது.

2006இல் வெளிவந்த தீர்ப்பு நமக்கு மிக அருகில் உள்ளது. 2004 தேர்தலில் மட்டக்களப்பில் மு.கா.வின் மரச் சின்னத்தில் வென்றவர் அமீர் அலி. அவர் அரசாங்கத்துடன் இணைந்தார். மு.கா. நீக்கியது. நீக்கம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. அவர் பதவிக்காலம் முழுவதும் பாராளுமன்றத்தில் இருந்தார்.

ஆக, அதே மாவட்டம், அதே சின்னம், அதே கட்சி. 2006இல் ஒருவர் தப்பினார். 2023இல் இன்னொருவர் தப்பவில்லை. பின்னர் 2024 ஓகஸ்ட் 09இல் ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் ஐக்கிய மக்கள் சக்தியால் நீக்கப்பட்டது செல்லும் என்று தீர்ப்பாகி, அவர்களும் ஆசனம் இழந்தார்கள். தாவினால் ஆசனம் தப்பும் என்று வருடக்கணக்கில் நிலவிய நம்பிக்கை இந்த இரு தீர்ப்புகளோடு ஆட்டம் கண்டது.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். இரண்டு மாதத்தில் தீர வேண்டிய விடயம் நஸீர் அஹமடின் வழக்கில் ஏறக்குறைய 17 மாதம் எடுத்தது. அத்தனை காலமும் மட்டக்களப்பு முஸ்லிம்களின் ஒரே ஆசனத்தில், தெரிவு செய்த கட்சி தன்னுடையவர் அல்ல என்று சொன்ன ஒருவர் அமர்ந்திருந்தார்.

பிறகு என்ன நடந்தது?

வறிதான ஆசனத்துக்குப் பட்டியலில் அடுத்திருந்த அலி ஸாஹிர் மௌலானா வந்தார். அவரும் ஏறாவூர்க்காரர். சுற்றாடல் அமைச்சு அதே மாதம் கெஹெலிய ரம்புக்வெல்லவுக்குப் போனது. நஸீர் அஹமட் 2024 மே மாதம் வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். செப்டெம்பரில் ஜனாதிபதி மாறியதும் அப்பதவியும் முடிந்தது.

கட்சி ஒழுக்கம் நிலைநாட்டப்பட்டது என்று மு.கா.வினர் மகிழ்ந்தது நீண்ட நாள் நிற்கவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித் பிரேமதாஸவை ஆதரித்தது. நீக்கப்பட்டவரின் இடத்துக்கு வந்த மௌலானா ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தார். அதே வருடம் நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் அந்த ஆசனத்தை மரச் சின்னத்தில் வென்றவர் யார்? 1989இல் மு.கா.வில் பாராளுமன்றம் போய், பின்னர் கட்சியை விட்டு விலகி, வேறு அணிகளில் அமைச்சராக இருந்து, 2020இல் மரத்துக்கு எதிராகவே நின்ற ஹிஸ்புல்லாஹ். நீதிமன்றம் ஓர் ஆளைத்தான் மாற்றியது. வழக்கத்தை மாற்ற அதனால் முடியவில்லை.

இரு பக்க நியாயங்கள்

கட்சி மாறுபவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எதிரணியில் ஐந்து வருடம் உட்கார்ந்தால் ஊருக்கு ஒரு பாலமோ பாடசாலைக் கட்டடமோ வராது என்பது நம் அனுபவம். ஒரு மாவட்டத்தில் ஒரே பிரதிநிதியை வைத்திருக்கும் சிறுபான்மைக்கு அரசாங்கத்தின் உள்ளே ஓர் ஆள் இருப்பது பெரிய விடயம். வாக்காளர்களே அமைச்சர் வேண்டும் என்று கேட்டு நிற்பதும் உண்மை.

கட்சிக்கும் நியாயம் உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே பேரம் பேசினால் கட்சி என்று ஒன்று எதற்கு? 1994இல் மர்ஹூம் அஷ்ரஃப் சந்திரிகாவின் அணியோடு உடன்பாடு செய்தபோது கட்சியாகச் செய்தார். அரசாங்கத்தில் சேர்வது வேறு, ஒருவர் மட்டும் எழுந்து போவது வேறு. முன்னதில் சமூகத்துக்கு என்ன கிடைத்தது என்று கட்சியிடம் கேட்கலாம். பின்னதில் கேட்க யாரும் இல்லை.

இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் காணாமல் போனவர் வாக்காளர். 99(13) கட்சித் தலைமையைப் பாதுகாக்கிறது. நீதிமன்றம் நீக்கப்பட்டவரின் உரிமையைப் பார்க்கிறது. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் வரிசையில் நின்று புள்ளடி இட்டவருக்கு இந்த முழு நடைமுறையிலும் ஓர் இடமும் இல்லை. 20ஆவது திருத்தத்துக்கு ஏன் ஆதரித்தீர்கள் என்று கட்சி தண்டிக்காதபோது அவரால் தண்டிக்க முடியவில்லை. வரவு செலவுத் திட்டத்துக்காகக் கட்சி தண்டித்தபோது அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

செய்யக்கூடியவை

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் சில விடயங்களை நம் ஊர்களிலேயே தொடங்கலாம்.

முதலாவது, எந்தெந்த விடயங்களில் உறுப்பினர் கட்சித் தீர்மானத்துக்குக் கட்டுப்பட வேண்டும், எவற்றில் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்பதைக் கட்சிகள் தேர்தலுக்கு முன்பே எழுத்தில் வெளியிட வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் அப்பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். 20ஆவது திருத்தத்தில் தளர்வாக இருந்துவிட்டு வரவு செலவுத் திட்டத்தில் இறுக்கும் நிலை அப்போதுதான் மாறும்.

இரண்டாவது, கட்சித் தீர்மானத்துக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் தன் மாவட்டத்துக்கு வந்து மக்கள் முன் காரணம் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் சம்மேளனங்களும் சிவில் அமைப்புகளும் அதற்கு ஒரு பொதுக்கூட்டம் வைத்துக் கேள்வி கேட்கலாம். இதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவது, இரண்டு மாதம் என்ற கால எல்லை ஏட்டோடு நிற்காமல் நடைமுறைக்கு வர வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் சேர்ந்து கேட்க வேண்டும். தாமதத்தால் நன்மை பெறுபவர் எப்போதும் ஆசனத்தில் இருப்பவரே.

நான்காவது, வேட்பாளரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி. “என்ன தருவீர்கள்?” என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். “எந்த நிலையில் கட்சியை விட்டுப் போவீர்கள்? போனால் ஆசனத்தைத் திருப்பித் தருவீர்களா?” என்றும் கேட்போம். 2004இல் கருணா விவகாரத்தைத் தொடர்ந்து அலி ஸாஹிர் மௌலானா தன் பாராளுமன்ற ஆசனத்தை ராஜினாமாச் செய்தார். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது.

நஸீர் அஹமட் போய் மௌலானா வந்தார். மௌலானா போய் ஹிஸ்புல்லாஹ் வந்தார். அடுத்த தேர்தலில் இன்னொருவர் வரலாம். மட்டக்களப்பு முஸ்லிம்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் ஆசனம்தான். அதில் யார் அமர்வது என்று ஊருக்கு ஊர் போட்டி போடும் நாம், அமர்ந்தவர் அந்த வாக்கை என்ன செய்கிறார் என்று மாவட்டமாகச் சேர்ந்து பார்க்கத் தொடங்கினால்தான் அந்த ஆசனம் நம்முடையதாக இருக்கும்.